ஜிம்மியின் மார்கழிச் சொறி

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. நெய்வேலியில் எனக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்து மூன்றாவது வருஷம். நான் ராமநாதபுரம் பக்கத்துக்காரன். ஒரு குடம் தண்ணீருக்கு மைல் கணக்கில் நடந்த குடும்பம். இங்கேயோ குழாயைத் திறந்தால் கொட்டோ கொட்டென்று கொட்டியது. விடுவேனா? வாசல் முழுக்கச் சாமந்திப் பாத்தி போட்டு, வேளைக்கு வேளை தண்ணீர் விட்டுச் சகதியாக்கி வைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கம்மாபுரம் பக்கத்து ஆள். மைன்ஸில் எனக்கு ஒரு வருஷம் பின்னால் சேர்ந்தார். எனக்கு முன்னால் சார்ஜ்மேன் ஆனார். அதோடு விட்டாரா, பார்க்கும்போதெல்லாம் 'அண்ணே, அண்ணே' என்று மரியாதை வேறு. திட்டக்கூட வழியில்லை பாருங்கள்! அவரிடம் இல்லாமல் என்னிடம் இருந்தவை இரண்டுதான். ஒன்று, ஒரு பெரிய ஆபீசரே ஜீப்பை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போன என் சாமந்தி. இன்னொன்று, என் நாய் ஜிம்மி.

கண் திறக்காத குட்டியாக எடுத்து வந்து, பஞ்சில் பால் நனைத்து வளர்த்தேன் அதை. அப்பேர்ப்பட்ட ஜிம்மி, மார்கழி பிறந்தால் பகல் முழுக்கப் பக்கத்து வீட்டிலேயே பழியாகக் கிடக்கும். படுக்க மட்டும் நம் வீடு. ஷிப்டு முடிந்து வந்து நான் கூப்பிட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கும், வாலை ஆட்டும், எழுந்து வராது. சார்ஜ்மேன் வேலை கை நழுவியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை.

அதே மார்கழியில்தான் அதற்குச் சொறியும் வரும். ஓயாமல் சொறிந்து சொறிந்து ரணமாக்கிக்கொள்ளும். மாசி முடியும்போது தானாகவே அடங்கிவிடும். கந்தகத்தை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவினேன், மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், ஒன்றுக்கும் கேட்கவில்லை. மூன்றாவது மார்கழியில் தெருவில் புகார் கிளம்பிவிட்டது. பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் சொறிநாயா என்றார்கள். நாய் பிடிக்கிறவர்கள் வந்தால் கொன்றுதான் போடுவார்கள். "பொங்கலுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லேன்னா லாரியில ஏத்திக் குள்ளஞ்சாவடிப் பக்கம் விட்டுட்டு வந்துருங்க. உசிராச்சும் மிஞ்சும்" என்று என் மனைவி அழுதாள்.

எனக்கா காரணம் தெரியாது? பக்கத்து வீட்டில் வாரத்துக்கு நாலு நாள் கருவாடு. அதைப் போட்டுத்தான் நாயை மயக்கி வைத்திருக்கிறார், சொறி வந்ததும் அதனால்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஷிப்டு பஸ்ஸில் நாலு பேர் காதில் விழும்படி அதைச் சொல்லவும் சொன்னேன். வீட்டுக்கு வந்து ஜிம்மியைப் பாத்தி ஓரமாகச் சங்கிலி போட்டுக் கட்டினேன். ஒரே வாரம்தான். வயிறெல்லாம் சிவந்து, தோல் உரிந்து நீர் வடிய ஆரம்பித்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு நேராக உள்ளே வந்தார். பஸ்ஸில் நான் பேசியது காதுக்குப் போய்விட்டது, சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் வேட்டியை மடித்துக் கட்டினேன். அவரோ ஜிம்மியின் பக்கத்தில் குந்தி, அதை மல்லாக்கப் புரட்டினார்.

"கருவாடு எங்களுக்கே பத்தலைங்கண்ணே" என்று சிரித்தார். "இங்க பாருங்க. முதுவுல ஒண்ணுமே இல்ல. வயிறு, தொடை இடுக்கு, மூஞ்சி, தரையில படற எடத்துல மட்டும்தான் இருக்குது. வெறும் சொறின்னா மாசி மாசம் பாத்து எப்டிங்க போவும்? இது எதுமேலயோ படுத்துகினு வர்றது."

பிறகு சாமந்திப் பாத்தியைக் காட்டினார். நடுவில் ஜிம்மி படுத்துப் படுத்து விழுந்த குழி. வெயில் காலத்தில் ஈரத்தின் குளிர்ச்சிக்குப் பழகிய இடம், எப்போதும் அங்கேதான் படுக்கும். நானும் தினம் பார்த்த குழிதான். அவர் ஊரில் சாமந்தி பறிக்கும் ஒரு அம்மாவுக்கு, மார்கழியில் பூ எடுக்கத் தொடங்கி மாசியில் பூ ஓய்கிறவரை கையெல்லாம் தடித்து வெடிக்குமாம். இதுவும் அப்படித்தானோ என்று அவருக்குச் சந்தேகம்.

"தெனம் வயித்துல தண்ணி ஊத்திக் கழுவி வுடுவேன், கொஞ்சம் அடங்கும். அதுக்குத்தான் வந்துகினு இருந்துச்சி. பத்து நாள் எங்க வூட்லயே வுடுங்க, தெரிஞ்சிடும்."

அரிப்புத் தாங்காமல் அவரைத் தேடிப் போன நாயைத்தான், அந்தப் பாத்தி ஓரத்திலேயே நான் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தேன். அவிழ்த்துக் கொடுத்தேன்.

கொடுத்துவிட்டேனே தவிர, மனசு ஆறவில்லை. பல் விளக்குகிற சாக்கில், துணி காயப் போடுகிற சாக்கில் வேலி ஓரமே கதியாக நின்றேன். எட்டாம் நாள் எட்டிப் பார்த்தேன். பழைய சாக்கின் மேல் ஜிம்மி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு தடவைகூடச் சொறியவில்லை. வயிறு காய்ந்து, புதுத் தோல் வந்திருந்தது. துள்ளிக் குதித்திருக்க வேண்டியவன் நான். எனக்கு வயிறு எரிந்தது. அவர் சொன்னதே சரியாகிவிட்டதே! இன்னொரு தடவை இதற்குச் சொறி வந்து தொலையக் கூடாதா என்று நினைத்தேன். ஒரு நிமிஷம்தான். ஆனால் நினைத்தேன்.

அன்று மத்தியானமே மண்வெட்டியை எடுத்துப் பாத்தி முழுவதையும் கொத்தித் தள்ளினேன். பூத்துக் குலுங்கிய செடிகள். "பொங்கல் வரைக்குமாவது விடுங்களேன்" என்று மனைவி கெஞ்சினாள், நான் நிறுத்தவில்லை. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்காமல் தானும் ஒரு மண்வெட்டியோடு இறங்கிவிட்டார். மறுநாள் ஷிப்டு பஸ்ஸில் அதே நாலு பேரிடம், நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். ஜிம்மி வீட்டுக்கு வந்தது. அடுத்த மார்கழியில் அதற்கு ஒன்றுமே வரவில்லை.

வேலி ஓரத்தில் நினைத்ததை மட்டும் அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. பொறாமை வந்தால் பிடிக்காதவருக்குத்தான் கெடுதல் நினைப்போம் என்று அதுவரை எண்ணியிருந்தேன். உயிராக வளர்த்த ஜீவனுக்கே கெடுதல் நினைக்க வைக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது, அதனால் இன்றுவரை என் மனசை நான் முழுசாக நம்புவதில்லை.