கேள்வி கேட்கப் போன இடங்கள்

பேட்டி எடுப்பவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. எதிரில் இருப்பவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அடுத்த கேள்வியை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கும் அது இருந்தது. யாரிடமாவது மைக்கை நீட்டி, "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்று கேட்டு, "என்னத்தைச் சொல்ல?" என்ற பதிலை வாங்கிக்கொண்டவர்களுக்கு என் பாடு தெரியும்.

பல்கலைக்கழகத் தமிழ்த் துறையில் நான் தற்காலிக ஆசிரியை. பெயர் பெற்றவர்களையும், எல்லைப் பக்கத்து ஊர்களின் குரல்களையும் பதிவு செய்கிற நிகழ்ச்சி ஒன்றைத் துறையில் தொடங்கினார்கள். கேள்வி கேட்பவள் நான். கேமராவுக்கு ஒலவக்கோட்டு மலையாளி சஜி. அவருக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் காற்று திரும்புவதுகூட அவர் காதில் விழும். நாங்கள் இரண்டு பேரும் ஒரு பழைய வேனில் சுற்றிய அந்த வருஷங்களை நினைத்தால் இப்போதும் மனசு லேசாகிறது.

மோட்டார் சத்தம்

பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதியில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். விவசாயக் குடும்பம். புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து, அச்சடித்த மாதிரி தமிழ் பேசினார். பக்கத்துத் தோப்பில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்று, அதை நிறுத்தச் சொல்ல சஜி எழுந்து போய்விட்டார். அது நீதிபதியின் சித்தப்பா மகன் தோப்பு என்பதோ, ஒரு கிணற்றுக்காக இரண்டு வீட்டுக்கும் அப்பாக்கள் காலத்திலிருந்தே பேச்சு இல்லை என்பதோ சஜிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. மோட்டார் நின்றது. சஜிக்குப் பின்னாலேயே வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் வந்து வாசற்படியில் நின்றார். படப்பிடிப்பைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சட்டம் படிக்கத் தோன்றியது எப்படி என்று கேட்டேன். கிணற்று வழக்குக்காக அப்பா சித்தூர் கோர்ட்டுக்குப் போகும்போது தானும் கூடப் போவதுண்டு என்று தொடங்கிய நீதிபதி, வாசலைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.  வந்தவர்தான் மெதுவாகச் சொன்னார், தன் அப்பாவும் அதே வாய்தாவுக்கு அதே பஸ்ஸில்தான் போவார் என்று. பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால் அண்ணனும் தம்பியும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார்களாம். நீதிபதி சிரித்துவிட்டார். அச்சுத் தமிழ் எங்கோ போய்விட்டது. "உள்ள வா தம்பி. ஏன் நின்னுட்டே இருக்கற, உக்காரு" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு வேலையே இல்லை. அவர்கள் இருவரும் மத்தியானம்வரை பேசினார்கள். நாங்கள் கிளம்பும்போது தம்பி வேன்வரை வந்தார். தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, அடுத்த வாரமும் ஷூட்டிங் இருக்குதுங்களா?"

கண்ணே, கர்த்தரே

தேயிலை மலையில், சித்திரபுரத்தில் ஞானதாஸ் என்பவர். டீ ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். அவர் எழுதி மெட்டுப் போட்ட பாட்டுகளைப் பாடாத சர்ச் அந்த மலைப்பக்கத்தில் இல்லை. தேதி வாங்கிக்கொண்டு போய் மகளுடைய குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினால், கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு சிரித்தபடி நின்றார். தொண்டையில் ஆபரேஷன். குரல் போய்விட்டது. சொன்னால் நாங்கள் வரமாட்டோம் என்று சொல்லவில்லையாம். திரும்பிவிடலாமா என்று சஜியைப் பார்த்தேன். அவரோ சட்டையில் குத்தும் சின்ன மைக்கை எங்கே குத்துவது என்று தெரியாமல் நின்றார்.

ஞானதாஸின் மனைவி ரோஸ்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இவர் உதட்டை அசைப்பார், அதைப் பார்த்து அந்த அம்மா சொல்வார். சஜி மைக்கை அவருக்கு மாற்றிக் குத்தினார். பேட்டி நன்றாகத்தான் போனது. ஒரே சிக்கல், மொழிபெயர்ப்போடு மறுப்பும் சேர்ந்தே வரும். "அவுக அப்படித்தான் சொல்லுதாக, ஆனா நடந்தது வேற" என்று ஆரம்பித்துவிடுவார். ஞானதாஸ் கையை உயர்த்தி ஆட்சேபிப்பார். அந்த அம்மா அதைக் கண்டுகொள்ள மாட்டார்.

எல்லோரும் பாடும் அந்த முதல் பாட்டு எப்படிப் பிறந்தது என்று கேட்டேன். ஞானதாஸ் பக்தியோடு கண்ணை மூடி உதட்டை அசைத்தார். அந்த அம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கேமராவிடம் சொன்னார். "கிறிஸ்மஸுக்கு எழுதுனதுன்னு சொல்லுதாக. பொய்யி. கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு எழுதுனது. பொறவுதான் 'கண்ணே'ய எடுத்துட்டு 'கர்த்தரே'ன்னு போட்டுக்கிட்டாக."

சத்தமே வராமல் ஒரு மனிதர் தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சஜி கேமராவை நிறுத்தவே இல்லை. மகள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு என் காதோடு சொன்னாள்: "ஆபரேசனுக்குப் பொறவு அப்பா இன்னைக்குத்தான் சிரிச்சிருக்காக."

சுரத்தில் விழுந்த மரம்

வசந்தா ஓட்டப் பந்தயத்தில் நாட்டுக்காக ஓடியவர். அகளியில் ஒரு மண்டபத்தில் அவருக்குக் கூட்டம் காத்திருந்தது. மழை. அட்டப்பாடிக்கு ஏறும் சுரம் என்கிற மலைப்பாதையில் ஒரு மரம் ரோட்டின் குறுக்கே விழுந்து, வசந்தாவை ஏற்றிவந்த எங்கள் வேனும் பின்னால் வந்த அரசு பஸ்ஸும் நின்றுவிட்டன. இனி மண்டபம் இல்லை என்று தெரிந்ததும், மழை விட்ட நேரத்தில் ரோட்டிலேயே கேமராவை வைத்தோம். பஸ்ஸிலிருந்தவர்கள் இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். நான் மெடல்களைப் பற்றிக் கேட்டேன். அவரும் எல்லா இடத்திலும் சொல்கிற பதிலைச் சொன்னார்.

பஸ்ஸில் சந்தைக்கு வாழைக்காய் கொண்டுபோகிற ஒரு அம்மா, கடைசிப் போட்டியில் வசந்தா தடுக்கி விழுந்ததை டிவியில் பார்த்தாராம். அதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். அந்த அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. எல்லாரும் முடித்துவிட்டுப் போன பிறகு, ரத்தம் வழிகிற முழங்காலோடு எழுந்து எதற்காக ஓடினீர்கள் என்று அவர் கேட்டுவிட்டார்.  வசந்தா விழுந்து கிடந்த மரத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"ஓட்டம் முடியற பக்கத்து கேலரியில எங்கம்மா உக்காந்திருந்தாங்க. அவங்களுக்கு அந்த ஊர் பாஷையும் தெரியாது, வழியும் தெரியாது. நான் போய்ச் சேரலைன்னா அவங்க எப்படி வீட்டுக்கு வருவாங்க?"

கடைசி

அப்புறம் துறைக்கு வேறு தலைவர் வந்தார். முழுப் பேட்டியை உட்கார்ந்து பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது, ஒரு நிமிஷத்தில் முடிகிற மாதிரி கொடுங்கள் என்றார். ஞானதாஸ் வீட்டுப் பதிவை எந்த ஒரு நிமிஷத்துக்கு வெட்டுவது? முயன்று பார்த்தோம். முடியவில்லை. நிகழ்ச்சி மெல்ல நின்றுபோனது. நான் வகுப்புகளோடு இருந்துவிட்டேன். சஜி கல்யாண வீடியோ எடுக்கப் போய்விட்டார்.

போன மாசம் பாலக்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவரைப் பார்த்தேன். கழுத்தில் அதே ஹெட்போன். தொழில் எப்படி என்று கேட்டேன். குறை ஒன்றுமில்லை, நல்ல வேலை என்றார். பிறகு ஸ்பீக்கர் இருந்த பக்கம் கையைக் காட்டினார்: "இங்க எல்லாத்துக்கும் மேல பாட்டு போட்டுடும் சேச்சி. ஆள் பேசறது கேட்டு ரொம்ப நாளாச்சு."

கேள்வி கேட்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், ஆனால் அத்தனை வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்தது, குறுக்கே பேசாமல் இருந்தது மட்டும்தான்.