நிறஞ்சலாவின் பதினைந்து சொற்கள்

நிறஞ்சலா மூளையைப் பற்றிப் படிக்கப் போனதைப் பேசாலையில் அவளுடைய வீட்டார் டொக்டர் வேலை என்றே சொல்லித் திரிந்தார்கள். அவள் டொக்டர் இல்லை. மறதியும் கவனமும் மனச்சோர்வும் மூளையில் எப்படி நடக்கின்றன என்று ஆராய்கிறவள். கலாநிதிப் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது தன் கரையோரத்து ஆட்களைத்தான். சிலிண்டர் கட்டிக் கடலுக்கடியில் இறங்கிக் கடலட்டை பிடிக்கிறவர்களுக்கு, வருடக்கணக்கில் இறங்கி ஏறுவதால் ஞாபகம் குறைகிறதா என்பது கேள்வி.

பேசாலையிலும் சிலாவத்துறையிலும் வீடு வீடாகப் போனாள். பதினைந்து சொற்களை வாசிப்பாள். கேட்டவர் திருப்பிச் சொல்லவேண்டும். அரை மணித்தியாலம் கழித்து இன்னொருமுறை. ஒரு வருடத்தில் அறுபத்திரண்டு சுழியோடிகளைப் பார்த்து முடித்தாள். அநேகமாக எல்லாருக்கும் புள்ளி குறைவு. முடிவு துப்புரவாக வருகிறதென்று கொழும்பிலிருந்த பேராசிரியருக்குச் சந்தோசம்.

கடைசி ஆளாக வந்தவர் சிலாவத்துறை மஹ்மூது. சோதனை முடிந்து எழும்பும்போது கேட்டார்:

“தங்கச்சி, கணப்பு எண்டால் என்ன சாமான்? அதை யோசிச்சுக்கொண்டிருக்க மிச்சமெல்லாம் தலையால போட்டுது.”

வெளிநாட்டுப் பட்டியலை யாரோ தமிழாக்கியது அது. அவள் அங்கேயே தாளை விரித்துப் பார்த்தாள். குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பு, வான்கோழி, கம்பளி என்று ஐந்து சொற்கள் இந்தக் கரையில் ஒருவர் வாயிலும் வராதவை. அன்று பின்னேரமே பேராசிரியருக்கு அழைத்தாள்.

“அறுபத்திரண்டு பேரையும் தள்ளப்போறீரா?”

“ஓம் சேர். நான் ஞாபகத்தை அளக்கேல்லை.”

“பட்டம் ரெண்டு வருசம் பிந்தும்.”

“தெரியும் சேர்.”

புதிய பட்டியல் செய்ய ஐந்து மாதம் பிடித்தது. கடற்சொல்லாகப் போட்டால் சுழியோடிகளுக்கு லேசாகிவிடும். ஆகவே உப்பு, சாவி, வேம்பு என்று எல்லாருக்கும் ஒரேயளவு பழகின சொற்களைத் தேர்ந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க, கடலில் இறங்காமல் வயல் செய்கிற அடம்பன் கமக்காரரிடமும் போனாள். இந்தமுறை அதே சுழியோடிகளில் பெரும்பாலோர் கமக்காரருக்குச் சமமாகவே சொன்னார்கள். நாலு பேர் மட்டும் கீழே நின்றார்கள். அதில் ஒருவர் கிறகரி.

கிறகரிக்கு நாற்பத்தேழு வயது, கடலுக்கடியில் இருபத்திரண்டு வருடம். பதினைந்தில் நாலு சொன்னார். அரை மணித்தியாலம் கழித்து ஒன்றுமில்லை. வெளிச்சம் தெரிந்ததும் பொத்தானை அமத்தும் இன்னொரு சோதனையிலும் கை பிந்தியது. சிரித்துச் சமாளித்தார். மனைவி வசந்தமலர் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனபிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

“எதை அண்ணை?”

“போன வருசம் என்னோட இறங்கின அலெக்ஸாண்டர் மேல வரேல்லை. அண்டையிலிருந்து நித்திரை இல்லை. சொன்னது ஒண்டும் தலையில நிக்குதில்லை. விசர் பிடிக்குதோ எண்டு பயமாக்கிடக்கு.”

நிறஞ்சலா பேனையை மூடினாள்.

“இது விசர் இல்லை அண்ணை. மனம் சோர்ந்துபோனாலும் ஞாபகம் விழும். கடலாலயும் இருக்கலாம். எது எண்டு நான் சொல்லேலாது, டொக்டர்தான் பார்க்கவேணும். அக்காவுக்கு நான் சொல்லமாட்டன். நீங்கள் சொல்லுங்கோ.”

ஒரு டொக்டரின் பெயரையும் தன் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டு கிழமை ஒரு செய்தியும் இல்லை. பிறகு ஒருநாள் காலை அழைப்பு வந்தது.

“நாளைக்குக் கிளினிக் போறன் தங்கச்சி. அவவும் வாறா.”

எட்டு மாத மருந்துக்கும் பேச்சுக்கும் பிறகு, வேறு பதினைந்து சொற்களோடு அவரை மறுபடி பார்த்தாள். ஒன்பது சொன்னார். நித்திரையும் வருகிறதாம். ஆனால் பொத்தான் சோதனையில் கை முன்னைப்போலவே பிந்தியது. சோர்வால் விழுந்தது எவ்வளவு, கடல் எடுத்தது எவ்வளவு என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆய்வேட்டில் அப்படியே எழுதினாள். கிறகரி சிலிண்டரை விட்டுவிட்டு நண்டு வலைக்குப் போகத் தொடங்கினார்.

பட்டத்துக்கான நேர்முகத்தில் ஒரு பரீட்சகர், நினைத்துத் தொடங்கியது பிழையாய்ப்போனதில் வருத்தமில்லையா என்று கேட்டார்.

“முதல் பட்டியலோட நிண்டிருந்தால் அறுபது பேருக்கு மூளை பழுதெண்டு எழுதியிருப்பன்,” என்றாள் நிறஞ்சலா. “மனம் சோர்ந்துபோயிருந்த ஒரு அண்ணையும் அந்த அறுபதுக்குள்ள ஒராளாப் போயிருப்பார், கிளினிக் போயிருக்கமாட்டார்.”

பரீட்சகர் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.