வெள்ளைப் பொடியில் ஒரு பொட்டு

காலை ஆறு நாற்பதுக்கு இலுப்பூர் சாலையில் இருக்கும் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டவை மச்சானின் கால்கள். முழங்கால் வரை சிவப்பு. விபத்து என்றே நினைத்தேன். நாளிதழில் வேலை பார்த்தவனுக்கு முதலில் அப்படித்தான் தோன்றும். மச்சானோ பிளாஸ்டிக் தொட்டிக்குள் நின்று, கோலிக்குண்டளவும் எலுமிச்சையளவும் இருந்த பீங்கான் உருண்டைகளை மிதித்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

மச்சான் என் அக்காவின் கணவர். அவரிடம் ஒரு பால் மில் இருந்தது. குடிக்கிற பால் இல்லை, பந்து என்கிற ஆங்கிலப் ‘பால்’. தண்ணீர் லாரியின் தொட்டியைச் சுருக்கியது போன்ற உருளை. உள்ளே கல்லையும் உருண்டைகளையும் போட்டுச் சுழற்றினால், உருண்டைகள் மோதி மோதிக் கல்லை மாவாக்கிவிடும். பல வருடங்களாக அவர் அதில் தரைக்குப் பூசும் காவிப்பொடி அரைத்தார். ஊரெல்லாம் டைல்ஸ் போட ஆரம்பித்த பிறகு காவித் தரையை யாரும் கேட்பதில்லை. அதனால் வெள்ளைக்கல் மாவுக்கு மாற முடிவு செய்தார். பீங்கான் கோப்பை செய்யும் தொழிற்சாலை ஒன்று சாம்பிள் கொண்டுவரச் சொல்லியிருந்தது. தேறினால் கொட்டகை ஓடும். தேறாவிட்டால் பூட்டு.

காவி மட்டும் மாற மறுத்தது. உருண்டைகளின் நுண்ணிய துளைகளில் ஏறி உட்கார்ந்திருந்தது. சோப்புத்தூளுக்கு அசையவில்லை. அக்கா புளி கொடுத்தனுப்பினாள். குத்துவிளக்குக்கு ஆவது உருண்டைக்கு ஆகாதா என்பது அவள் கணக்கு. ஆகவில்லை. மச்சான் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றினார். கொட்டகையில் இருந்த எல்லோரும் அழுதோம், உருண்டைகள் அப்படியே இருந்தன. டைல்ஸ் கொத்தனார் ஒருவர் சொன்ன ஆக்சாலிக் உப்பில் ஊறவைத்தபோது கறை கொஞ்சம் வெளுத்தது. கடைசியில் மில்லுக்குள் வெறும் வெள்ளை மணலையும் தண்ணீரையும் போட்டு ஓட்டினார்கள். வடித்த தண்ணீர் முதலில் ரத்தமாக வந்தது. பிறகு டீயாக, பிறகு கேப்பைக் கஞ்சியாக.

"இது உருண்டை கழுவுற மாதிரி இல்லீங்க, சம்பந்தகாரவுக மனசக் கழுவுற மாதிரில்ல இருக்கு" என்றார் மில்லில் வேலை பார்க்கும் அம்மா.

"பேசாம மணலப் போடு ஆத்தா" என்றார் மச்சான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் தெளிந்தது. மச்சான் ஒரு உருண்டையை எடுத்துத் தன் புது வேட்டியில் அழுத்தித் தேய்த்தார். வேட்டியில் ஒன்றும் ஒட்டவில்லை. எங்களிடம் வேட்டியைக் காட்டியபோது அவர் முகத்தில் தேர்தலில் ஜெயித்தவரின் களை இருந்தது.

புதுச் சரக்கு அரைக்கப் போகிறோம் என்பதால் அக்கா தாம்பாளத்தோடு வந்தாள். மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம். சுவிட்ச் போர்டுக்கு ஒரு பொட்டு. மில்லின் வாய்க்கு மூன்று. தார்ப்பாயில் வெள்ளையாகக் குவிந்திருந்த உருண்டைகளைப் பார்த்தாள்.

"பாடுபடுறது பூராம் இதுகதானே" என்று சொல்லி, மேல் வரிசை உருண்டைகளுக்கும் ஆளுக்கொரு பொட்டு வைத்தாள்.

சாமிக்கு வைத்த பொட்டை யாரும் துடைப்பதில்லை. மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு, பொட்டு அழியாமல் ஒவ்வொரு உருண்டையாக எடுத்து மில்லுக்குள் வைத்தார். வெள்ளைக்கல்லைப் போட்டு, தண்ணீர் ஊற்றி மூடியை முறுக்கினார். நான் கைபேசியில் படம் எடுத்தேன்.

மறுநாள் மூடியைத் திறந்தார்கள். உள்ளே இருந்த குழம்பு இளஞ்சிவப்பாக இருந்தது.

"ரோஸ் மில்க்கு" என்றார் அந்த அம்மா.

மச்சான் குழம்பில் ஒரு விரலை விட்டு எடுத்துப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "காவிய எடுக்க நாயாப் பட்டேன். நீ குங்குமத்தக் கொண்டாந்து கொட்டிட்ட" என்றார்.

"சாமி பொட்டக் கொற சொல்லாதீங்க. கடையில சாயத்தக் கலந்து விக்கிறான், அவனப் போயிக் கேளுங்க."

மறுபடி கழுவி அரைக்க நேரமில்லை. சாம்பிளைத் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். குழம்பைக் காயவைத்துப் பொடியாக்கி ஒரு பையில் கட்டினார். துணைக்கு நானும் போனேன். பேருந்தில் அந்தப் பையை அவர் மடியில் வைத்துக்கொண்ட விதம், ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கொண்டுபோவது போல இருந்தது.

தொழிற்சாலை அதிகாரி பொடியைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். "வெள்ளை மாவுன்னுதானே சொன்னீங்க?"

"உள்ளது வெள்ளைதாங்க. மேலாக்க லேசா..." என்றார் மச்சான்.

"நாங்க நிறத்தச் சூளையிலதான் பாப்போம்" என்று சொல்லி, ஒரு சிட்டிகையைச் சட்டைப் பொத்தான் போல அழுத்திச் சூளைக்கு அனுப்பினார். மீதியை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு அலமாரியில் வைத்தார்.

காவியின் சிவப்பு இரும்புத் துரு. சூளையில் அது போகாது, பழுப்பாக நிற்கும். குங்குமச் சாயம் எரிந்து போய்விடும். எங்கள் இருவருக்கும் இது அப்போது தெரியாது. அந்த வாரமே தொலைபேசி வந்தது. பொத்தான் சுத்த வெள்ளையாக வெந்திருக்கிறது, முதல் லோடை அனுப்பலாம் என்றார்கள். அக்கா, "பொட்டுத்தான் காப்பாத்துச்சு" என்றாள். அந்த அம்மா, "மணலு அள்ளுன என் கையுந்தான்" என்றார்.

முதல் லோடுக்கு மச்சான் எச்சரிக்கையாக இருந்தார். உருண்டைகளை மீண்டும் மணலில் ஓட்டினார். அக்கா பொட்டு வைப்பது மோட்டாரோடு சரி, உருண்டைப் பக்கம் வரக் கூடாது என்றார். மாவு பாலாக வந்தது. லாரியைத் தேங்காய் உடைத்து அனுப்பினோம்.

மதியம் தொழிற்சாலை வாசலில் இருந்து கூப்பிட்டார்கள். மச்சான் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, நீங்க குடுத்த சாம்பிள் புட்டியில இருக்கு. அது ரோஸு. லாரியில வந்திருக்கிறது வெள்ள. பாஸான சரக்கு இது இல்லையே."

"அதவிட இது சுத்தமுங்க."

"சுத்தம் பத்திக் கேக்கலீங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். இல்லாட்டி கேட்டத் தாண்டாது."

மச்சான் போனை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

லாரி அன்று மாலையே திரும்பி வந்தது. இப்போது கொட்டகையில் வெள்ளைக்கல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு டின் குங்குமம் இருக்கிறது.