பச்சை வைக்காத பம்பு

காலை பத்தே முக்காலுக்குச் செய்தி வந்தது. பாலக்கோட்டில், மோட்டார் பழுது பார்க்கும் கடை வாசலில், என் அண்ணன் மாதையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உடலை எடுத்து முடித்த அன்று சாயங்காலம் அண்ணி செல்லம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, நம்ம மோட்டாரும் பம்பும் கடையிலதான் இருக்குதா?" என்று கேட்டார். அண்ணனோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியவர் வேறு என்ன கேட்பார்.

அண்ணன் யாரையும் நம்பாதவர். அது பிறவிக் குணமல்ல. ஒரு கோடையில் தண்ணீர் வராமல் போனபோது, எல்லோரையும் போல ஒரு கடையில் "மோட்டார் போச்சு" என்று சொல்லிவிட்டு வந்தார். எங்கள் பக்கத்தில் கிணற்றுக்குள் எது கிடந்தாலும் அதற்குப் பெயர் மோட்டார்தான். கடைக்காரன் மோட்டாரைப் பிரித்துப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றி, காயில் கட்டிக் கொடுத்தான். இறக்கிப் பார்த்தால் அப்போதும் தண்ணீர் இல்லை. மணல் அடைத்துக் கிடந்தது பம்பில். நல்ல மோட்டாரை அவன் தெரியாமல் பிரித்தானா, தெரிந்தே பிரித்தானா என்பது கடைசிவரை விளங்கவில்லை. அந்த வருடத் தக்காளி அத்தனையும் காய்ந்தது.

அதன் பிறகு யார் மோட்டார் என்றாலும் அண்ணனுக்குக் கண் சுருங்கும். "எதைச் சொல்றீங்க? கரண்டுல சுத்தறது மோட்டாரு. அது சுத்துனா தண்ணிய மேல தள்ளறது பம்பு. டீசல் குடிக்கறது இன்ஜினு. பேரைக் கொழப்பறவன் பொருளையும் கொழப்புவான்." தோட்டத்து மோட்டார் ரூமைக்கூட ஸ்டார்ட்டர் ரூம் என்பார். உள்ளே இருப்பது அது ஒன்றுதானே. மோட்டார் போர்வெல்லுக்குள் அல்லவா கிடக்கிறது.

போர்வெல்லில் மோட்டார் கீழே, பம்பு மேலே. கழற்றி வைத்தால் இரண்டுமே பளபளக்கும் குழாய்கள். வேறொன்றை மாற்றி வைத்தாலும் தெரியாது. அதனால் பழுதுக்கு அனுப்பும் முன் மோட்டாரில் சிவப்பும் பம்பில் பச்சையுமாகப் பெயிண்ட் வைப்பார். வழவழப்பான உலோகத்தில் பெயிண்ட் நிற்காதென்று அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத்தான் வைப்பார்.

"பொண்ணு பாக்கப் போனப்பவும் பெயிண்ட் டப்பாவோடதான் போனியா மாதையா?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

"போயிருக்கணும். காட்டுனதும் குடுத்ததும் ஒண்ணுதானான்னு இன்னும் சந்தேகந்தான்" என்பார், சிரிக்காமல்.

காரியம் முடிந்த மறுநாள் பாலக்கோட்டுக் கடைக்காரர், பெரியண்ணன் என்பவர், இரண்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கே வந்தார். பூவெடுத்த தக்காளிச் செடிகள் தலை தொங்கி நின்றன. அண்ணி குனிந்து பார்த்தார். மோட்டாரில் சிவப்பு இருந்தது. பம்பில் பச்சை இல்லை.

"இது எங்க பம்பு இல்லீங்க. எறக்க வேணாம்."

"உங்களுதுதாம்மா. அன்னைக்கு எங்க வண்டி வந்து ஹாரன் அடிச்சுது. அவுரு அவசரமா ஏத்திவுட்டுட்டு கூடவே வந்துட்டாரு. செத்தவரு பொருள்ல கை வைக்கற ஆளா நானு?"

"உசுரோட இருந்தவரைக்கும் வைக்க முடியலீங்களே."

பெரியண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கும் சந்தேகம்தான். மோட்டாரை விட்டுவிட்டுப் பம்பை மட்டும் மாற்றுவது சுலபம்.

"அப்ப திருப்பி ஏத்திக்கட்டுமா? செடி நாளைக்கு நிக்காதுங்க" என்றார்.

நான் ஸ்டார்ட்டர் ரூமுக்குப் போய்ப் பார்த்தேன். ஜன்னலில் சிவப்பு டப்பா இறுக மூடியிருந்தது. பக்கத்தில் பச்சை டப்பா. அதன் மூடி பாதி நெம்பியிருந்தது, இடுக்கில் ஸ்குரூடிரைவர். கீழே தேய்ந்த உப்புத்தாள்.

திரும்பி வந்து பம்பை உருட்டினேன். அண்ணி முந்தானையால் அழுக்கைத் துடைத்தார். கழுத்தருகே இரண்டு விரல் அகலத்துக்கு, தேய்த்த தடம் மங்கலாகத் தெரிந்தது. அதன்மேல் கட்டைவிரலை வைத்தார்.

"எறக்கச் சொல்லுங்க தம்பி."

கடைசிக் குழாய் உள்ளே போகும்வரை அண்ணி இடத்தை விட்டு நகரவில்லை. சாயங்காலம் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ந்தது.

பச்சை டப்பாவின் மூடி இன்னும் பாதி நெம்பியபடிதான் இருக்கிறது.