அத்தான் காட்டிய பாங்கொக்

லண்டன் குட்மேய்ஸில் உள்ள அக்கா வீட்டு வரவேற்பறையில், கம்பளத்தின் மேல் அத்தான் படுத்திருக்கிறார். வலப்பக்கமாகச் சரிந்து, வலது கையை மடித்துத் தலைக்கு முட்டுக்கொடுத்து, இடது கையை இடுப்பின் மேல் நீட்டி, கண்களைப் பாதி மூடியிருக்கிறார். உறவுக்காரப் பிள்ளை ஒன்றுக்கு அன்று திருமுழுக்கு. கோயில் முடிந்து வந்தவர்கள் சாப்பாட்டுத் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு கதிரைகளில் இருக்கிறார்கள். சற்று முன்புவரை பரிமாறிக்கொண்டு நின்ற வீட்டுக்காரர் திடீரென்று தரையில் படுத்துவிட்டதில் புதியவர்களுக்குத் திகைப்பு. பழையவர்களுக்குத் தெரியும், பாங்கொக்கில் படுத்திருக்கும் புத்தரை அவர் காட்டுகிறார் என்று.

“மச்சாள், சொல்லும் பாப்பம், அந்தப் புத்தர் எவ்வளவு நீளம்?” என்று படுத்தபடியே என்னைக் கேட்பார். நான் வாய் திறப்பதற்குள் அவரே சொல்வார்: “தலை இந்த ஹோலிலை எண்டா, கால் பக்கத்து வீட்டுக்காரன்ரை கார்டனைத் தாண்டி நிக்கும்!”

அவர் என் அக்காவின் கணவர். நான் நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவள். பழைய குறிப்புகளைப் புரட்டினால் நத்தார், பிறந்தநாள், திருமுழுக்கு என்று பல பக்கங்களில் அத்தானின் புத்தர் படுத்திருக்கிறார். புத்தர் மட்டுமல்ல. அரண்மனையின் பொற்கூரைகள், ஆற்றங்கரையில் பீங்கான் துண்டுகள் பதித்த கோபுரம், குன்றின் மேல் மணிகள் தொங்கும் கோயில், பளிங்குக் கோயில், சிவப்புத் தூண்களுடன் நடுத்தெருவில் நிற்கும் பெரிய ஊஞ்சல். எல்லாவற்றையும் கையால் வரைந்து காட்டுவார். எந்தக் கூரை எந்தக் கூரைக்குப் பின்னால் தெரியும் என்பதுவரை சொல்வார். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, லண்டன் வரும் வழியில் ஒரு வருடத்துக்கு மேலாகப் பாங்கொக்கில் நின்றவர். அந்த நாளில் எங்களவர்கள் பலரும் அப்படித்தான் ஏதாவது ஒரு நகரத்தில் நின்று வந்தார்கள். ஆனால் நின்ற நகரத்தை இவ்வளவு ஆசையாகச் சொல்ல அத்தானைத் தவிர வேறு ஆளில்லை.

கதை முடிந்து எல்லோரும் சிரிக்கும்போது அக்கா அகப்பையும் கையுமாகக் குசினி வாசலில் வந்து நிற்பாள். “ஓம் ஓம். நான் அங்கை ஊரிலை குண்டுக்குப் பயந்து பங்கருக்கை கிடக்கேக்கை, இவர் புத்தரை அளந்துகொண்டு திரிஞ்சவர்” என்பாள். விருந்தினர் அதற்கும் சிரிப்பார்கள். அக்கா சிரிக்கமாட்டாள்.

அந்தப் பேச்சில் விளையாட்டு கொஞ்சமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர் புறப்பட்டபோது அவர்களுக்குக் கல்யாணப் பதிவு எழுதி முடிந்திருந்தது. லண்டன் போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுவார், பிறகு கோயிலில் தாலி கட்டுவது என்று பேச்சு. பாங்கொக்கிலிருந்து ஆட்களின் கையில் மாறி மாறி வந்த கடிதங்களில் அவர் தான் பார்த்த இடங்களையே எழுதினார். எங்கள் அப்பா செல் குண்டு விழுந்து இறந்த கிழமையில் வந்து சேர்ந்த கடிதத்தில், குன்றின் மேல் இருக்கும் மணிகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு ஏறினேன் என்று எழுதியிருந்தது. அக்கா அதைப் பாதியில் மடித்து வைத்தாள். அவருக்குச் செய்தி தெரிந்திருக்காது என்று அம்மா எவ்வளவோ சொன்னார். ஆனாலும் அந்த மணிகள் அக்காவின் மனத்தில் தங்கிவிட்டன. லண்டனுக்கு வந்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, அத்தானோடு கடையும் நடத்தி, நன்றாகத்தான் வாழ்ந்தாள். எந்தச் சண்டை எங்கே தொடங்கினாலும் கடைசியில் பாங்கொக்கில் போய் நிற்கும். அத்தான் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. குற்றம் தன்னுடையதுதான் என்பதுபோலத் தலையைக் குனிந்துகொள்வார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கடையை விற்றார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்றே அக்கா சொன்னாள்: “இனிக் கடை எண்டு சாட்டுச் சொல்ல ஏலாது. நீங்கள் மட்டும் பாத்தாக் காணுமே? எனக்கும் காட்டுங்கோ.”

அத்தான் முழங்கால் வலி என்றார். அங்கே வெயில் என்றார். பிள்ளைகள் சேர்ந்து டிக்கெட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டார்கள். என்னையும் வரச் சொன்னாள் அக்கா. கோலியர்ஸ் வுட்டில் என் வீட்டிலிருந்து நான் பயணத்திட்டம் எழுதி அனுப்பினேன். எந்தக் கோயில் எத்தனை மணிக்குத் திறக்கும், எதற்குப் படகு, எதற்கு ரயில் என்று எல்லாம் அதில் இருந்தது. அத்தான் தொலைபேசியில் சிரித்தார். “மச்சாள், அதை வீட்டிலை வைச்சிட்டு வாரும். பாங்கொக்கிலை நான்தான் கைட்.”

விமான நிலையத்தில் குடிவரவு வரிசையில் அந்த கைட்டின் முகம் வெளிறிப்போயிருந்தது. பிரித்தானியப் பாஸ்போட்டை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். சட்டையின் முதுகு நனைந்திருந்தது. அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தி நீட்டினார். அத்தான் நகரவில்லை. “அவ்வளவுதானோ?” என்று எங்களைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். வாடகைக் காரில் ஏறிய பிறகும் அந்த முத்திரையை விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். களைப்பாக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை அரண்மனை. அத்தான் முழங்கால் தெரியும் காற்சட்டையோடு முன்னால் நடந்தார். இல்லாத ஒரு வாசலுக்கு எங்களைக் கூட்டிப்போய், மதிலைச் சுற்றி நடத்தி, கடைசியில் சரியான வாசலுக்கு வந்தால், காவலாளி அவருடைய முழங்காலைக் காட்டிக் கையை அசைத்துவிட்டார். கால் தெரியும் உடுப்போடு உள்ளே விடமாட்டார்களாம். என் திட்டத்தில் அதை அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன்.

“எத்தினையோ தரம் வந்த இடம் எண்டியள். அப்பவெல்லாம் காலை எங்கை வைச்சிட்டு வந்தனீங்கள்?” என்றாள் அக்கா.

“அப்ப இப்பிடிச் சட்டம் இல்லையப்பா.”

எதிர்க்கடையில் காலை மூடும் தொளதொளவென்ற களிசான் ஒன்று வாங்கினோம். ஊதா நிறம், உடம்பெல்லாம் சின்னச் சின்ன யானைகள். அதைப் போட்டுக்கொண்டு அத்தான் நடந்து வந்தபோது அக்கா மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படி வாய்விட்டு அவள் சிரித்து நான் பார்த்து வெகுகாலம்.

உள்ளே போனதும் அத்தான் பேச்சை நிறுத்திவிட்டார். வாய் திறந்தபடி கூரைகளைப் பார்த்தார். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கம் இரண்டு அடி வைத்தார். பின்னால் போனார். தலையைச் சரித்தார். “இல்லை, இன்னும் கொஞ்சம் பின்னாலை” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து, சீனச் சுற்றுலாக் கூட்டம் ஒன்றுக்குள் போய் மோதினார். “இஞ்ச இருந்துதான்! இப்ப சரி!” என்று அங்கிருந்தே கத்தினார். என்ன சரி என்று எங்களுக்கு விளங்கவில்லை.

படுத்திருக்கும் புத்தர் பக்கத்துக் கோயிலில் இருக்கிறார். செருப்பைக் கழற்றி உள்ளே போனதும், எதிரே பொன்னாக அந்தப் பெரிய முகம். அக்கா பழக்கதோஷத்தில் நெற்றியில் கையை வைத்துச் சிலுவை போட்டுவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தாள். தலைப்பக்கம் நின்று அத்தான் உற்சாகமாக எல்லாம் விளக்கினார். கம்பளத்தில் காட்டியதில் ஒரு விரல்கூடப் பிசகவில்லை. பிறகு நாங்கள் உடம்பின் நீளத்துக்கு நடந்து கால்மாட்டுக்கு வந்தோம்.

ஆளுயரத்தைவிடப் பெரிய இரண்டு உள்ளங்கால்கள். கறுப்பு நிலத்தில் முத்துச்சிப்பி பதித்து, கட்டம் கட்டமாகச் சித்திரங்கள். வெளிச்சம் பட்டு ஒவ்வொரு கட்டமும் நீலமும் பச்சையுமாக மின்னியது. அந்த மண்டபத்தில் கூட்டம் நெருக்கியது இங்கேதான்.

“எவ்வளவு வடிவு!” என்றாள் அக்கா. “இஞ்சேருங்கோ, முகத்தைப் பற்றி இவ்வளவு கதை சொன்னனீங்கள். இந்தக் காலைப் பற்றி ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?”

அத்தான் அந்தக் கால்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கலண்டரிலை கால் விழேல்லை” என்றார்.

மறுபக்கத்தில், வரிசையாக வைத்திருந்த வெண்கலக் கிண்ணங்களில் சனங்கள் சில்லறைக் காசைப் போட்டுக்கொண்டு போனார்கள்.

“எந்தக் கலண்டர்?” என்றாள் அக்கா.

வெளியே மரத்தடி வாங்கில் உட்கார்ந்துதான் சொன்னார். ஒரு சந்துக்குள் இரண்டு அறைகள், அதில் எட்டுப் பெடியள். விசா முடிந்துவிட்டது. வெளியே தலை காட்டினால் பொலிஸ் பிடித்துத் திருப்பி அனுப்பும் என்று காசு வாங்கி ஆட்களை அனுப்பும் ஏஜென்சிக்காரன் யன்னலைக்கூடத் திறக்கவிடவில்லை. சாமான் வாங்கப் போனவன் ஒருவன்தான், விசா இருந்தவன். அரிசிக்கடைக்காரர் கொடுத்த கலண்டர் சுவரில் தொங்கியது. மாதத்துக்கு ஒரு படம், படத்தின் அடியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி.

“ஒரு வருசமா அந்தப் பன்னிரண்டு படத்தையும்தான் பாத்தனான். இந்த ஊரிலை நான் நடந்த தூரம் வந்தண்டைக்கும் போனண்டைக்கும் காருக்கு நடந்த தூரம்தான்.”

“பிறகேன் எனக்கு அப்பிடியெல்லாம் எழுதினனீங்கள்?”

“உண்மையை எழுதினா நீர் அழுவீர். அங்கை அழுறதுக்கு உங்களுக்கு வேறை காரணம் எத்தினையோ இருந்ததுதானே. கோவம் வந்தா வரட்டும் எண்டு விட்டிட்டன். கோவக்காரி எப்பிடியும் உயிரோடை இருந்து என்னைக் கேள்வி கேக்க வருவாள் எண்டு ஒரு நம்பிக்கை.”

அக்காவுக்கு உடனே கோபம் வந்தது. “இவ்வளவு வருசமா நான் ஏசினனே! அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே, மனுசன்!”

அத்தான் யானைக் களிசானின் நாடாவை விரலில் சுற்றினார். “நீர் ஏசேக்கை, உண்மையிலேயே நான் அங்கையெல்லாம் போய்ச் சுத்தின மாதிரி இருக்கும். அதைக் கெடுப்பானேன் எண்டு விட்டிட்டன்.”

அக்கா சேலைத் தலைப்பால் அவருடைய நெற்றி வியர்வையைத் துடைத்தாள். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “உன்ரை டைம்டேபிளைக் கிழிச்சுப் போடு. ஜனவரியிலை என்ன படம் எண்டு இவரைக் கேள்.”

என் வாழ்க்கையில் அதைவிட ஒழுங்கில்லாத சுற்றுலா ஒன்றை நான் செய்ததில்லை. அதைவிடச் சந்தோஷமானதையும் செய்ததில்லை. நகரத்தின் வடக்கும் தெற்கும் பாராமல், மாத வரிசையில் போனோம். பெப்ரவரிக்கு ஆற்றைக் கடந்தோம், மார்ச்சுக்குத் திரும்பிக் கடந்தோம். ஒவ்வொரு இடத்திலும் படம் எடுத்தவன் எங்கே நின்றிருப்பான் என்று அத்தான் தேடுவார். அக்கா பின்னால் நின்று, “கார் வருது, நில்லுங்கோ… இப்ப வாங்கோ” என்று பஸ் கொண்டக்டர் மாதிரி வழி சொல்வாள். பெரிய ஊஞ்சலுக்குச் சரியான இடம் ஒரு இளநீர் வண்டிக்குப் பின்னால் இருந்தது. விஷயம் விளங்காமலே அந்த வண்டிக்காரர் சிரித்துக்கொண்டு வண்டியைத் தள்ளி விட்டார்.

குன்றின் மேல் கோயிலுக்கு ஏறும் படிகளில், அத்தான் எழுதிய அந்த மணிகள் உண்மையாகவே வரிசையாகத் தொங்கின. அக்கா முதல் மணியின் முன்னால் நின்றாள். அவள் அத்தானின் கையைப் பிடித்து மணியில் வைத்து, “எழுதினனீங்கள்தானே, அடியுங்கோ” என்றாள். ஒன்றை அவர், அடுத்ததை அவள் என்று மாறி மாறி அடித்துக்கொண்டே ஏறினார்கள். அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

டிசம்பர்ப் படம்தான் மிஞ்சியது. அதன் கீழ் இடத்தின் பெயர் இருக்கவில்லையாம். ஒரு கால்வாய், பூக்கூடையோடு படகோட்டும் பெண், பின்னால் மரப்பாலம். விடுதிப் பெண்ணிடம் கேட்டோம். அப்படிக் கால்வாய் இங்கே நூறு இருக்கும் என்று சிரித்தாள். கடைசி நாள் பின்னேரம் ஒரு நீளப் படகை வாடகைக்குப் பிடித்துக் கால்வாய்களுக்குள் போனோம். ஒவ்வொரு பாலம் வரும்போதும் அத்தான் எழும்பி நின்று பார்ப்பார். “இது இல்லை” என்று திரும்ப உட்காருவார். வெயில் இறங்கத் தொடங்கியது. படகுக்காரர் இனித் திரும்ப வேண்டும் என்று சைகை காட்டினார். அப்போது ஒரு பாலம் வந்தது. சீமெந்துப் பாலம். கீழே பூவும் இல்லை, பெண்ணும் இல்லை. பாலத்தின் மேல் ஒரு பையன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இதுதான்” என்றாள் அக்கா.

“இல்லையப்பா, அது மரப்பாலம். வளைஞ்சு…”

“கலண்டர் எந்த வருசத்துக் கலண்டர்? இவ்வளவு காலத்துக்குள்ளை புதுசாக் கட்டியிருப்பாங்கள். நான் சொல்லுறன், இதுதான். எழும்பி நில்லுங்கோ, படம் எடுப்பம்.”

அத்தான் பாலத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். யானைக் களிசானை இழுத்துவிட்டுக்கொண்டு, படகில் தள்ளாடி எழும்பி நின்றார். “ஓம்” என்றார். “இதுதான்.” அன்றைய நாட்குறிப்பில், டிசம்பர்ப் பாலத்தைக் கண்டுபிடித்தோம் என்றுதான் நானும் எழுதியிருக்கிறேன்.

இப்போது குட்மேய்ஸ் விருந்துகளில் பாங்கொக் கதையை அக்காதான் சொல்கிறாள். கலண்டரைப் பற்றி மட்டும் அவள் வாயில் ஒரு சொல் வராது. போன மாதம், அப்டன் பார்க்கிலிருந்து வந்த புதுத் தம்பதி ஒன்று ஆவலாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண், தாங்களும் அங்கே போகப்போகிறோம், அந்தப் பாலத்துக்கு எப்படிப் போவது என்று அக்காவிடம் கேட்டாள். அத்தான் மேசையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய கை நின்றது.

“எனக்கெங்கை வழி தெரியும் பிள்ளை?” என்றாள் அக்கா. “இவரைக் கேளும். இவர்தான் அங்கை இருந்தவர்.”