மெசின் சொன்ன சீனி

என் கணவருக்குச் சீனி வருத்தம். மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மெசினை வைத்து, பின்னேரங்களில் விரலில் குத்தி இரத்தம் பார்ப்போம். வரும் இலக்கத்தைக் கொப்பியில் எழுதுவது என் வேலை. கிளினிக்கில் டொக்டர் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் ஊசி மருந்தின் அளவைச் சொல்வார். முன்னூறைத் தாண்டினால் நாலு யூனிற் கூட்டிப் போடும்படி கிளினிக் மட்டையிலும் எழுதித் தந்திருந்தார். எனக்கு அவரோடு கதைக்கக் கூச்சம். கொப்பியை நீட்டுவேன், திருப்பி வாங்கிக்கொண்டு வருவேன்.

அன்று கலியாணம் சொல்லச் சண்டிலிப்பாயிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நான் சீனி போடாமல் வெறும் தேத்தண்ணி ஊற்றினேன். என் கணவர் ஓலைக் குட்டானை அவிழ்த்து, உள்ளேயிருந்த பனங்கட்டியைக் கையாலேயே உடைத்து, கடித்துக் குடிக்க ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். வந்தவர்கள் போன கையோடு மெசினை எடுத்தோம். முன்னூற்று நாற்பத்தாறு.

"களவாத் திண்டனீங்களோ?"

"வாயிலையும் வைக்கேல்லை."

"அப்ப மெசின் பொய் சொல்லுதோ?"

"நீர் மெசினையே கட்டியிருக்கலாம்."

பொய் சொன்னால் அவர் காதைச் சொறிவார். அன்று சொறியவில்லை. ஆனாலும் நான் இலக்கத்தைத்தான் நம்பினேன். கொப்பியில் எழுதிவிட்டு, நாலு யூனிற் கூட்டி மருந்தை இழுத்தேன். அவர் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

ஊசியைக் கிட்டக் கொண்டுபோனபோது அவர் விரலில் ஒரு சிற்றெறும்பு ஊர்ந்தது. தட்டிவிட்டேன். கதிரைக் கைப்பிடியில் இன்னொன்று வந்துகொண்டிருந்தது.

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ."

"ஏன், மெசின் சோறு தரப்போகுதோ?"

"சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ அப்பா."

கழுவித் துடைத்த பிறகு மறுபடி குத்தினேன். நூற்றுப் பதினெட்டு.

கூட்டி இழுத்த மருந்தைத் தொட்டிக்குள் தள்ளினேன். அதைப் போட்டிருந்தால் சீனி இறங்கி மயங்கியிருப்பார். பக்கத்தில் படுத்திருக்கும் நான் நித்திரை என்று நினைத்திருப்பேன்.

"விரலுக்குத்தான் சீனி வருத்தம்," என்றார் அவர், சாப்பிடும்போது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினேன். உயர்ந்த இலக்கங்கள் சில இருந்தன. ஒன்று பொங்கலன்று. மற்றவை யார் யாரோ வந்துபோன நாட்கள். எங்கள் வீட்டில் ஆட்கள் வந்தால் பனங்கட்டி உடைப்பது அவர்தான். இவற்றில் எது அவருடைய இரத்தம், எது பனங்கட்டி? மெசினுக்குத் தெரியாது. அதற்குத் தன்னிடம் வந்த துளி மட்டும்தான் தெரியும்.

போன கிளினிக்கில் டொக்டர் மருந்தின் அளவைக் கூட்டியது இந்த இலக்கங்களைப் பார்த்துத்தான். அதற்குப் பிறகுதான் அவருக்கு விடியப்புறத்தில் வியர்க்கத் தொடங்கியது. சீனி இறங்கி வந்த வியர்வையை வெக்கை என்று நினைத்து நான் மின்விசிறியைக் கூட்டிவிட்டேன்.

மறுநாள் கிளினிக் நாள் இல்லை. ஆனாலும் முதல் பஸ்ஸில் போய், டொக்டர் வரும் வரை வாசலில் நின்றேன். அவர் வழக்கம்போலக் கொப்பிக்குக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"டொக்டர், இதைப் பாக்க முன்னம் நான் சொல்லுறதைக் கேளுங்கோ," என்றேன்.