சம்பந்தி வீட்டுக்குப் போன சத்தமில்லாத பெட்டி

நன்னிலத்துக்குத் தெற்கே வாய்க்கால் கரையோடு போகிற ஊர்களில் பரணிதரன் வீடு எது என்று கேட்டால், எந்தப் பரணி என்று திருப்பிக் கேட்பார்கள். பெட்டிக்காரப் பரணி என்றால் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுவார்கள். கீழத்தெரு வேலாயுதத்தின் கடைசி மகன். அந்த வகையறாவே ஊரைக் கூட்டி உட்கார வைத்து வேடிக்கை காட்டுகிற வகையறா. தாத்தா கூத்துக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவர். பெரியப்பா டூரிங் கொட்டகைக்கு ஜெனரேட்டர் ஓட்டினவர். அந்த வீட்டு ஆண்பிள்ளைகள் யாருக்கும் வாய் சும்மா இருக்காது. பரணிக்கு மட்டும் வாய் சும்மா இருக்கும், கை இருக்காது.

சிங்கப்பூரில் ரொம்ப வருஷம் இருந்தான். மாடி மாடியாக நிற்கிற கட்டடங்களுக்குக் குளிர்காற்று அனுப்புகிற மெஷின் அறையில் வேலை. பொழுது விடிந்து பொழுது போனால் இரைச்சல். லீவு நாளில் மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போவார்கள். இவன் யாரோ தூக்கிப் போட்ட கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து பிரித்துப் போடுவான். பிரித்ததைச் சேர்த்து, டிவிக்குக் கீழே வைக்கிற மாதிரி ஒரு பெட்டி செய்யக் கற்றுக்கொண்டான். பார்க்கப் பலகாரப் பெட்டி மாதிரி இருக்கும். டிவியோடு சேர்த்துவிட்டால் படம், பாட்டு, கல்யாண வீடியோ, பேரன் பேத்தி போட்டோ எல்லாம் அதற்குள்ளே. ரிமோட்டை அமுக்கினால் கூடமே கொட்டகையாகிவிடும்.

ஊர் திரும்பி, அப்பா விட்டுப்போன நிலத்தில் இறங்கின பிறகும் அந்தக் கிறுக்கு விடவில்லை. நடவு முடிந்தால் பெட்டி, களை எடுத்தால் பெட்டி. அத்தை வீடு, சித்தப்பா வீடு, பங்காளி வீடு என்று சொந்தத்தில் பாதிப் பேர் வீட்டில் அவன் பெட்டிதான். யாரிடமும் காசு வாங்கமாட்டான். கூலி ஒன்றே ஒன்றுதான்: பெட்டி வைத்த வீட்டில் ஒரு வேளை சாப்பாடு, அப்புறம் வீட்டு மனுஷர்களோடு உட்கார்ந்து ஒரு படம் முழுசாக. படத்தையா பார்ப்பான்? பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பான். உதடு அசைவதும் பேச்சு வருவதும் ஒரு மயிரிழை பிசகினாலும் எழுந்துபோய்ச் சரி செய்வான்.

திருத்துறைப்பூண்டியில் மீரா உசேன் கடையில்தான் சாமான் வாங்குவது. ஒருநாள் அவர் கேட்டார்.

"ஏன் பரணி, நீ செஞ்சு குடு, நான் கடையில வச்சு வித்துத் தரேன். ஊருக்கெல்லாம் ஓசியில செஞ்சு என்னத்தக் கண்ட?"

"வித்தா அதோட போச்சு பாய். வாங்கினவன் கதவைச் சாத்திக்குவான். குடுத்தாத்தான் உள்ள போயி உக்காரலாம்."

"உக்காந்து?"

"படம் பாக்கலாம்."

மீரா உசேன் தலையில் அடித்துக்கொண்டார். "இவனுக்குச் சாமான் வித்து நான் கடை நடத்துறேன் பாரு!"

இப்படி இருக்கையில் பரணியின் ஒரே மகள் குந்தவைக்கு ஒரத்தநாட்டில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை சூர்யபிரகாஷுக்குத் தஞ்சாவூரில் வேலை. மாப்பிள்ளையின் அப்பா பஞ்சநதம், அரைவாசி ஆயுசை ரைஸ்மில்லில் கழித்தவர். சொந்த மில். இப்போது குத்தகைக்கு விட்டுவிட்டுத் தென்னந்தோப்பைப் பார்க்கிறார். நல்ல உயரம், மடிப்புக் கலையாத வேட்டி. கல்யாணம் பேசும்போது அவர் பேசவே இல்லை. எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் அசைத்தார். பெண்வீட்டார் திரும்பி வரும்போது, "என்ன ஒரு கம்பீரம்! பெரிய மனுஷன்னா அப்படி இருக்கணும்" என்று பேசிக்கொண்டார்கள்.

தலைதீபாவளி வந்தது. மகளையும் மாப்பிள்ளையையும் முறையாக அழைக்கப் போகும்போது வரிசைத் தட்டு வைக்க வேண்டும். இந்தத் தடவை தட்டில் தன் பெட்டியும் போகும் என்று பரணி சொல்லிவிட்டான்.

"வரிசையில பழசு வைக்கக் கூடாதுங்க. ஊரு சிரிக்கும்" என்றாள் அவன் பெண்சாதி அனுராதா.

"ஆணிகூட புதுசு. போதுமா?"

அப்படியே செய்தான். பலாப் பலகையில் கூடு. உள்ளே காற்றாடியே கிடையாது. சூட்டை இழுக்க அலுமினியத் தகடு வைத்தான். படம் பார்க்கும்போது கண்ணை உறுத்தும் என்று பெட்டியின் முன்பக்கத்தில் வழக்கமாக வைக்கிற சின்ன விளக்கைக்கூட வைக்கவில்லை. மெஷின் அறை இரைச்சலில் பாதி ஆயுசைக் கழித்தவனுக்குச் சத்தமில்லாத மெஷின் ஒன்று செய்ய வேண்டும் என்பதுதான் ஆசை. தெரு அடங்கிய மத்தியானத்தில் ஓடவிட்டு அனுராதாவைக் கேட்கச் சொன்னான்.

அவள் காதை வைத்துப் பார்த்தாள். "அடுத்த வீட்டுல அப்பளம் பொரியுறது கேக்குது. உங்க பெட்டி மூச்சே விடலியே."

பரணிக்கு அதைவிட வேறு பட்டம் வேண்டியிருக்கவில்லை.

ஒரத்தநாட்டில் பழத்தட்டு, பூத்தட்டு, வேட்டி புடவைத் தட்டு எல்லாம் இறக்கின பிறகு, சந்தனமும் குங்குமமும் வைத்த பெட்டியைக் கூடத்தில் வைத்தார்கள். டிவியைப் போடாமல் முதலில் பெட்டியை மட்டும் ஓடவிட்டுக் காட்டுவது பரணிக்கு ஒரு பெருமை. ஓடவிட்டான்.

"என் கையால செஞ்சது சம்பந்தி. ஓடுறதே தெரியாது" என்றான், குனிந்தபடியே.

பஞ்சநதம் பக்கத்தில் வந்தார். வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி உள்ளங்கையைப் பெட்டி மேல் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். கையை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"புடிச்சிருக்கா சம்பந்தி?" என்று பரணி பின்னாலிருந்து கேட்டான்.

அவர் திரும்பவே இல்லை. நேரே கொல்லைப் பக்கம் போய், தேங்காய் பறிக்க வந்த ஆளோடு நின்றுகொண்டார்.

பரணிக்கு டிவியைப் போட்டுக் காட்டக் கை வரவில்லை. படம் பார்க்க உட்காரவும் இல்லை. வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். மன்னார்குடி வரைக்கும் அனுராதாவின் வாய் ஓயவில்லை.

"கையை வச்சுப் பாத்துட்டு, சீன்னு போனாரே, பாத்தீங்களா? கடையில ஒரு டிவி வாங்கி வச்சிருந்தா அந்த மனுஷன் வாயைத் தொறந்திருப்பாரு. இனிமே எம்பொண்ணு அந்த வீட்டுல எப்படித் தலை நிமிந்து நிப்பா?"

அந்தப் பக்கத்து வழக்கத்தில் வரிசையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போனால், வேண்டாம் என்று தள்ளின மாதிரிதான். பரணிக்கும் அது தெரியும்.

தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையைக் கேட்டான். "அப்பா எப்பவுமே அப்படித்தான் மாமா" என்று அவர் வெடியைக் கொளுத்தப் போய்விட்டார். மகளைக் கேட்டான். "நான் நல்லாத்தாம்பா இருக்கேன். அதப் போட்டு நோண்டாதீங்க" என்றாள். ஒரத்தநாட்டுச் சந்தைக்குப் போய்வந்த பங்காளி ஒருத்தர் சொன்னார்: "ஒம் பெட்டிக்கு மேல துணி போட்டு மூடி, அதும்மேல பூச்சாடி வச்சிருக்காங்கடா."

அதோடு பரணி வேலை மேசைப் பக்கமே போகவில்லை. பாதி செய்த பெட்டி ஒன்று வாயைத் திறந்தபடி கிடந்தது. பெட்டி போனால் போகட்டும், மகள் வாழப்போன வீட்டில் தன் கைவேலை அவளுக்குக் குறையாகிவிட்டதே என்றுதான் மனசு அறுத்தது.

தலைப்பொங்கல் வரிசைக்கு வெண்கலப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்புக் கட்டு எல்லாம் சேர்ந்தது. கிளம்பும்போது பரணி சொன்னான். "புடிக்கலன்னா பெட்டியத் திருப்பி எடுத்துக்கிட்டு, கடை டிவி ஒண்ணு வாங்கி வச்சிடுறேன். ஆனா எங் கூலிய வாங்காம எடுத்துட்டு வரமாட்டேன்."

ஒரத்தநாட்டில் சாப்பாடு முடிந்தது. பரணி துணியை எடுத்து, பூச்சாடியை நகர்த்தி, "ஒரு படம் பாக்கலாமா சம்பந்தி? இது நம்ம வழக்கம்" என்றான். பஞ்சநதம் பதில் சொல்லுமுன்னே அவர் சம்சாரம் ராசம்மாள் முந்திக்கொண்டு, "தாராளமா" என்றாள். புருஷன் தோளைத் தொட்டு நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார்.

பழைய சிரிப்புப் படம் ஒன்று. ராசம்மாள் ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை ஏற்றினாள். ஏற்றினாள் என்றால், அலமாரியில் டம்ளர்கள் ஆடின. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது: "ராசம்மா! கொட்டகை எப்ப விடுவீங்க? எம்புள்ள தூங்கணும்!"

ராசம்மாள் முகம் சுருங்கிச் சத்தத்தைக் குறைத்தாள்.

பரணி வழக்கம்போல முகங்களைப் பார்த்தான். பேச்சில் ஒரு வேடிக்கை வந்தது. எல்லாரும் சிரித்தார்கள், பஞ்சநதம் ஒரு மூச்சு தள்ளிச் சிரித்தார். மறுபடியும் அப்படித்தான். உதடும் பேச்சும் பிரிந்துவிட்டதோ என்று பரணி எழுந்துபோய்ச் சரிபார்த்தான். பிசகில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தான். படத்தில் ஒருத்தன் வழுக்கிச் சேற்றில் விழுந்தான். முதலில் சிரித்தது பஞ்சநதம். அடுத்தது பேச்சில் ஒரு வேடிக்கை. அவர் கண் டிவியை விட்டு ராசம்மாள் முகத்துக்குப் போனது. அவள் சிரித்தாள். அப்புறம் அவர் சிரித்தார்.

விழுந்தால் முதல் ஆளாகச் சிரிக்கிற மனுஷன், பேசினால் மட்டும் ஏன் பெண்சாதி முகத்தைப் பார்க்கிறார்? சிங்கப்பூர் மெஷின் அறையில் கூட வேலை பார்த்த ஒரு மலாய்க்காரர் ஞாபகம் வந்தது. அவரும் இப்படித்தான் ஆள் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். இரைச்சல் அவர் காதைத் தின்றுவிட்டிருந்தது.

பரணி தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுக்களைக்குப் போனான். ராசம்மாளும் குந்தவையும் பின்னாலேயே வந்தார்கள். அவன் வாயைத் திறக்குமுன் ராசம்மாள் கண் கலங்கிவிட்டாள்.

"மில்லு தின்னுடுச்சு சம்பந்தி. கல்யாணம் பேச வந்தப்ப சொல்லலாம்னுதான் இருந்தோம். பொண்ணு குடுக்க யோசிப்பீங்களோன்னு பயம். காதுல வைக்கிற மெஷின் வாங்கிக் குடுத்தான் புள்ள. வயசாயிடுச்சுன்னு ஊருக்கு விளம்பரமான்னு பீரோவுல போட்டுட்டாரு. உங்க பொண்ணு மேல கோவப்படாதீங்க. நாந்தான் சொல்லாதேன்னு கையப் புடிச்சேன்."

குந்தவை தலையைக் குனிந்தாள். "மாமாவுக்குத் தலையிறக்கமா இருக்கும்னுதாம்பா..."

பரணி சிரித்துவிட்டான். அத்தனை மாசம் மனசில் கிடந்த கல் அங்கேயே இறங்கிவிட்டது. தன் ஆயுசிலேயே ரொம்ப அமைதியான பெட்டியைச் செய்து, எல்லாப் பெட்டியும் அமைதியாக இருக்கிற ஒரு மனுஷரிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்!

"பெட்டி இங்கேயே இருக்கட்டும். அறுவடை முடிஞ்சு வரேன்" என்று மட்டும் சொன்னான்.

மீரா உசேனிடம் போய் நிலவரம் சொல்லாமல், தேவையை மட்டும் சொன்னான். கம்பியில்லாத ஹெட்போன் வேண்டும், ஆனால் உதடும் பேச்சும் பிரியக் கூடாது. அவர் தேடி எடுத்துக் கொடுத்தார். மாசிக் கடைசியில் புதுநெல் அரிசி ஒரு மூட்டையோடு பரணியும் அனுராதாவும் ஒரத்தநாடு போனார்கள். பெட்டியைத் திறந்து, டிவிக்கு ஒரு வழி, ஹெட்போனுக்குத் தனி வழி என்று சத்தத்தைப் பிரித்தான். மில் இரைச்சல் தின்ற காது முதலில் இழப்பது கீச்சென்ற மெல்லிசான சத்தங்களைத்தான். அவற்றை மட்டும் தூக்கி வைத்தான்.

வைத்தாயிற்று, சரி. போட்டுக்கொள்வாரா?

பரணி நேரே அவர் எதிரில் போய், முகத்துக்கு முகம் நின்றான். ஹெட்போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிதானமாகச் சொன்னான்: "சம்பந்தி, கோயில்ல தலைக்கட்டுக்குத்தானே பரிவட்டம்? இந்தக் கூடத்துக்கும் அப்படித்தான். இந்தாங்க."

சொல்லிக்கொண்டே குருக்கள் மாதிரிக் கையைத் தூக்கினான். வருஷா வருஷம் திருவிழாவில் பரிவட்டம் கட்டிக்கொள்கிற தலை; கை உயர்ந்ததும் தானாகக் குனிந்தது. பரணி மாட்டிவிட்டான்.

அதே படம். டிவியில் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்காத அளவு. பேச்சில் அந்த வேடிக்கை வருகிற இடம் வந்தது. ராசம்மாள் சிரிக்க வாயெடுக்குமுன்னே கூடமே அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. எல்லாரும் படத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"ஏ ராசம்மா!" என்று கத்தினார், காதை மூடியிருப்பதால் எவ்வளவு கத்துகிறோம் என்று தெரியாமல். "இந்த ஆளு இவ்வளவு பேசுறானா? நீ இத்தன நாளா பாதிக்குத்தான் சிரிச்சியா? மிச்சம் எனக்குத் தெரியாமலே போச்சே!"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "இப்ப யாரு ராசம்மா கத்துறது? டிவியா, அண்ணனா?"

படம் முடிந்ததும் பஞ்சநதம் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பரணியைப் பார்த்தார். "சம்பந்தி, அன்னிக்குப் பெட்டி மேல கைய வச்சேன். மில்லுல எந்த மெஷினையும் நான் கையாலதான் பாப்பேன். அதிரவே இல்ல. விளக்கும் எரியல. கொண்டாந்த வழியில ரிப்பேராயிடுச்சுன்னு நெனச்சேன். ஓடாத சாமானை வரிசையில வச்சிட்டோம்னு நாலு பேரு முன்னால உங்களுக்குச் சங்கடமாயிடக் கூடாதுன்னுதான் வெளியில போனேன். வர்றவன் போறவன் பாக்கக் கூடாதுன்னு துணி போட்டு மூடச் சொன்னதும் நாந்தான். பொங்கலுக்கு வந்து சத்தம் போடாம ரிப்பேர் பண்ணிட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

அனுராதா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ்ஸில் மன்னார்குடி வரைக்கும் பேசின பேச்செல்லாம் ஞாபகம் வந்திருக்கும்.

"எனக்குத்தான் காது கேக்காது, சரி" என்று அவரே தொடர்ந்தார். "ஆனா காது கேக்காதவனுக்குன்னு தேடிப் புடிச்சு சத்தமில்லாத பெட்டி செஞ்சு குடுத்த ஒரே ஆளு நீங்கதான்."

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் பஞ்சநதம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ராசம்மாள் மருமகளைக் கூப்பிட்டு, "சம்பந்திக்கு இன்னொரு தரம் இலை போடு. கூலி பாக்கியிருக்கு" என்றாள்.

பரணி இப்போதும் பெட்டி செய்கிறான். பாதியில் கிடந்தது முடிந்து, சித்தப்பா மகன் வீட்டுக்குப் போய்விட்டது. சம்பந்தி வீட்டுக்குப் போனது மாதிரியே மூச்சுவிடாத பெட்டிதான். ஆனால் முன்பக்கத்தில் கடுகு அளவுக்கு ஒரு பச்சை விளக்கு இருக்கும். படம் பார்க்கும்போது கண்ணை உறுத்துகிறதே என்று யாராவது சொன்னால், இருக்கட்டும் என்பான்.